குடியாதவருக்கும் ஒரு கோப்பை

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிதாய் வந்தவரே விருந்தினர். அவருக்கு வேண்டுவதை அவர் கேளாமுன் அறிந்து அளிப்பவரே விருந்தோம்புவார். திருவள்ளுவர் விருந்தோம்பலை 9-ஆம் அதிகாரத்தில் வைத்தார். கள்ளுண்ணாமையை 93-ஆம் அதிகாரத்தில் வைத்தார். இவ்விரண்டையும் பள்ளியில் தனித்தனியே படித்தோம். ஒன்றன் பக்கத்தில் மற்றொன்றை வைத்துப் படித்தவர் நம்முள் மிகச் சிலரே. கள்ளுண்ணாத ஒருவர், உண்பவர் நடுவே வந்தமர்ந்தால் அவருக்கு எதனால் விருந்து செய்வது? இந்த வினா என் வாழ்க்கையில் ஒரு மாலை வேளையில் என் எதிரே வந்து நின்றது. அன்று நான் அதற்கு விடை சொல்லத் தவறினேன். அந்தத் தவற்றைப் பற்றியே இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

நான் பிறந்தது கேரளத்தின் இடுக்கி மலைகளில், மூணாற்றுக்குத் தெற்கே, பள்ளிவாசலை அடுத்த சித்திரபுரம். முதிரப்புழை ஆற்றின் நீரை மலைச்சரிவிலே குழாய்களில் இறக்கி மின்சாரம் எடுக்கும் பள்ளிவாசல் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கியது. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் சித்திரைத் திருநாள் மகாராஜா. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அதுவே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பஞ்சம் பிழைக்க மலையேறிய குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. என் தந்தை மின்நிலையத்தைச் சார்ந்த வேலைகளில் கூலியாளாகச் சேர்ந்து அங்கேயே தலை நரைத்தார். தாயார் தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளினார். எங்கள் வீட்டில் பேசியது நெல்லைத் தமிழ். வாசலைத் தாண்டினால் மலையாளம். சம்பளத் தாளில் ஆங்கிலம்.

அந்த மலையின் மாலைப்பொழுதை அறிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நான்கு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். நனைந்த துணியோடு வேலை விட்டு வரும் ஆண்களுக்கு வீட்டிலோ ஓர் அறை. அதிலே அடுப்பு, பிள்ளைகள், புகை. காலை நீட்டி அமர்ந்து நாலு பேரோடு பேச ஊரில் இருந்த ஒரே இடம் கள்ளுக்கடை. மலை உயரத்தில் தென்னை செழிக்காது; ஆகையால் பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியிலிருந்து தென்னங்கள் வண்டியேறி வரும். சில நாட்களில் மலையிலேயே இறக்கிய கூந்தற்பனைக் கள்ளும் கிடைக்கும். கூடவே மரவள்ளிக்கிழங்கும் மிளகாய் தூக்கலான மீன்குழம்பும் இருக்கும். ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுவது அங்கே. கைமாற்று வாங்குவது அங்கே. பெண் கேட்பதும், பங்காளிச் சண்டையைத் தீர்ப்பதும், தொழிற்சங்கக் கூட்டத்துக்கு நாள் குறிப்பதும் அங்கேயே. கள்ளுக்காக அங்கே போனவர்கள் உண்டு. கூட்டத்துக்காகப் போய்க் கள்ளுக்கு அடிமையானவர்கள் அவர்களைவிட அதிகம். என் தந்தை இரண்டாம் வகையினர்.

1983-ஆம் ஆண்டு அவருக்குக் கல்லீரல் வீங்கியது. இனி ஒரு துளியும் கூடாது என்றார் மருத்துவர். அப்பா பிடிவாதக்காரர், அன்றே நிறுத்தினார். ஆனால் கள்ளை நிறுத்தியவருக்குப் பொழுது நிற்கவில்லை. மாலை ஐந்து மணி ஆனதும் வாசற்படியில் வந்து உட்காருவாராம். பாதையில் இறங்கிப் போகும் நண்பர்கள் அவரைக் கண்டு ஒரு கணம் தயங்கி, பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டு நடப்பார்களாம். அவரை அழைத்தால் குற்றம், அழைக்காவிட்டாலும் குற்றம். இரண்டு மாதம் இப்படிக் கழிந்தது. அப்போது நான் இங்கே, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இருந்தேன். செவிலியரான என் மனைவிக்கு 1981-இல் இங்கு வேலை கிடைத்ததால் குடிபெயர்ந்திருந்தோம். ஊர்ச்செய்தியெல்லாம் தங்கையின் கடிதங்கள் வழியாகத்தான் வரும்.

அவ்வாறு வந்த ஒரு கடிதத்தில்தான் கள்ளுக்கடைக்காரர் செய்ததை அறிந்தேன். அவர் மலையாளி, அப்பாவைவிட இளையவர். ஒரு நாள் வீட்டு வாசலுக்கே வந்து, "அண்ணாச்சி, குடிக்கவேண்டா, வெறுதே வந்து இருந்தால் மதி" என்று கூப்பிட்டாராம். அப்பா தயங்கித் தயங்கிப் போயிருக்கிறார். கடைக்காரர் அடுப்பில் ஒரு கெண்டியில் கட்டன் சாயா போட்டு வைத்திருந்தார். மற்றவர்கள் கள் குடிக்கும் அதே தடித்த கண்ணாடிக் கோப்பையில் அதை ஊற்றி, மற்றவர்களுக்கு வைப்பது போலவே மேசைமேல் தட்டி வைத்தார். காசும் வாங்கிக்கொண்டார். இதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. காசு வாங்காதிருந்தால் அப்பா மறுநாள் போயிருக்கமாட்டார். இரக்கத்துக்கு ஆளாகி ஓர் இடத்தில் எத்தனை நாள் உட்கார முடியும்? விலை கொடுத்ததனால் அவர் அங்கே வாடிக்கையாளர். ஆகவே அவருக்கு அங்கே ஓர் இருக்கை உண்டு. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அந்தக் கெண்டி அவருக்காகக் கொதித்தது. அப்பாவின் முகம் தெளிந்தது என்று தாயார் எழுதச் சொன்னதாகத் தங்கை எழுதியிருந்தாள்.

1986-இல் தங்கையின் திருமணத்துக்காக ஊர் போனேன். வெளிநாட்டில் சம்பாதிப்பவன் என்ற எண்ணம் எனக்குள் சற்றே ஏறியிருந்த காலம் அது. மணநாளின் மாலையில், அருகிலிருந்த நகரத்து விடுதி ஒன்றில் அப்பாவின் நண்பர்களுக்கும் என் நண்பர்களுக்கும் ஒரு விருந்து ஏற்பாடு செய்தேன். பிராந்தி, ரம், பீர் எல்லாம் வரிசையாக வந்தன. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அடுத்த அறையில் வண்ண வண்ணச் சோடா. அப்பா தம் நண்பர்களின் நடுவே வேட்டியும் புதுச்சட்டையுமாக உட்கார்ந்திருந்தார். பரிமாறுபவர், "பெரியவருக்கு?" என்று கேட்டார். "ஒண்ணும் வேண்டாம்யா" என்றார் அப்பா. நெடுநேரம் கழித்து ஒரு தம்ளர் தண்ணீர் வந்தது. அதையும் பார்த்துவிட்டு யாரோ ஒருவர், பிள்ளைகள் அறையிலிருந்து உறிஞ்சுகுழல் செருகிய ஆரஞ்சுச் சோடா ஒன்றைக் கொண்டுவந்து அவர்முன் வைத்தார். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அரை மணி நேரத்துக்குப் பின் நான் அந்தப் பக்கம் வந்தபோது அப்பாவின் எதிரே ரம் கோப்பை இருந்தது. யார் ஊற்றியது என்று நான் கேட்கவில்லை. என்னைக் கண்டதும் அவர், "இன்னிக்கி ஒரு நாளுதானே எய்யா" என்றார். நானும், இன்று ஒரு நாள்தானே என்று தலையசைத்தேன்.

அந்த ஒரு நாள் ஒரு நாளோடு நிற்கவில்லை. கடைக்காரரின் கெண்டியிலிருந்து அவர் மெல்ல விலகினார். பழைய பழக்கம் திரும்பியது. 1988-இல் காலமானார். என் விருந்தின் கோப்பைதான் அவர் உயிரைக் கொண்டுபோயிற்று என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. நானும் அப்படிச் சொல்லமாட்டேன். குடிநோய் அவ்வளவு எளிய கணக்கன்று. ஆயினும், ஒரு கள்ளுக்கடைக்காரர் மூன்று ஆண்டுகள் காத்த ஒன்றை, பெற்ற மகன் ஒரு மாலையில் காக்கத் தவறினான் என்பது மட்டும் உண்மை. என்னிடம் இல்லாதது பணம் அன்று, முன்யோசனை.

லெஸ்டருக்குத் திரும்பிய பிறகு இந்த நினைவு என்னைப் படிக்கத் தூண்டியது. இந்நகரின் இரயில் நிலையத்துக்கு வெளியே தாமஸ் குக் என்பவரின் சிலை நிற்கிறது. உலகெங்கும் சுற்றுலாத் தொழிலின் தந்தை எனப்படுபவர் அவர். அவர் நடத்திய முதல் பயணம் எதற்காக என்பதைப் பலர் அறியார். 1841-ஆம் ஆண்டு சூலை 5-ஆம் நாள், ஏறக்குறைய ஐந்நூறு பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு இரயிலில் அவர் அழைத்துச் சென்றது ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்காக! அக்காலத்து இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் நிலையும் எங்கள் மலைத் தொழிலாளர் நிலையும் ஒன்றுபோலவே இருந்தன. ஒற்றை அறை வீடு, குளிர், களைப்பு, வெளிச்சமும் வெப்பமும் உள்ள ஒரே பொது இடம் மதுக்கடை. 1832-இல் பிரஸ்டன் நகரில் ஜோசப் லிவ்சி என்பவரும் அவருடைய தோழர்களும் மதுவைத் தொடுவதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஆனால் கையெழுத்து மட்டும் மாலைப்பொழுதை நிரப்பாது என்பதை அவ்வியக்கத்தார் விரைவிலேயே உணர்ந்தார்கள். ஆகவே தேநீர்க் கூட்டங்கள் நடத்தினார்கள். மதுவில்லா விடுதிகள் கட்டினார்கள். மதுவில்லாப் பானக் கடைகள் திறந்தார்கள். லங்காஷயரின் ராட்டன்ஸ்டால் ஊரில் 1890-இல் தொடங்கிய அத்தகைய கடை ஒன்று, நன்னாரி போன்ற வேர்ச்சாறுகளையும் பழச்சாறுகளையும் விற்று, ஒரு நூற்றாண்டைத் தாண்டி நின்றது. கூட்டத்தை விரும்பும் மனிதனுக்குக் கூட்டத்தைக் கொடு. கோப்பையை விரும்பும் கைக்குக் கோப்பையைக் கொடு. அதனுள் இருப்பதை மட்டும் மாற்று என்பதே அவர்கள் கண்ட வழி. பின்னாளில் அக்கோப்பைகளை நிரப்பிய தேயிலையுள் எங்கள் கண்ணன்தேவன் மலைகளின் இலையும் இருந்திருக்கும் என்று எண்ணும்போது என் தாயாரின் கறைபடிந்த விரல்கள் நினைவுக்கு வருகின்றன.

இந்த வித்தையை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். தென் தமிழ்நாட்டுப் பனையேறிகளைக் கேளுங்கள். ஒரே மரம், ஒரே பாளை, சீவும் அரிவாளும் ஒன்றே. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். தடவாமல் கட்டினால் கள். இனிப்பான பனஞ்சாறு வெயில் ஏறுவதற்குள் காற்றிலுள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்களால் புளிக்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மையில் அவ்வுயிர்கள் பெருக முடிவதில்லை. இவ்வளவுதான் நுட்பம். விரலில் எடுத்த சுண்ணாம்பு ஒரு மரத்தின் சாற்றை இரண்டு வேறு வாழ்க்கைகளாகப் பிரித்துவிடுகிறது. பதநீர் மட்டுமா? நீர்மோர், பானகம், சுக்குமல்லிக் காப்பி, நன்னாரிச் சர்பத் என நம் வீட்டுப் பானங்களின் வரிசை நீண்டது. 1872-இல் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் கண்டுபிடித்த கோலி அடைத்த புட்டியை இங்கிலாந்து மறந்தே போயிற்று. நம் ஊர்க் கடைகளில் அது கோலி சோடாவாக நிலைத்தது. விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க் போன்ற சோடாத் தொழில்கள் தலைமுறைகளைக் கடந்து வந்தன. ஆகவே நமக்குப் பானம் இல்லாத குறை இல்லை. மது பரிமாறும் மேசையில் அதற்குச் சரியாசனம் கொடுக்காத குறையே உண்டு.

சட்டத்தால் மட்டும் இக்குறையைத் தீர்க்க முடியுமா? கேரளம் இதற்கு ஒரு பாடம். 1996 ஏப்ரல் முதல் நாள் அங்கே சாராயம் தடை செய்யப்பட்டது. 2014-இல் 418 மதுக்கூடங்களின் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. பின்னர் ஐந்து நட்சத்திர விடுதிகளில் மட்டுமே மதுக்கூடம் என்று அரசு முடிவெடுத்தது. மூடப்பட்ட இடங்கள் பல, பீரும் ஒயினும் மட்டும் விற்கும் கூடங்களாகத் திறந்தன. கடும் மதுவுக்குப் பதிலாக மென்மது என்பதே அங்கே அரசின் கொள்கையாயிற்று. 2015 டிசம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் அக்கொள்கை செல்லும் என்றது. 2017-இல் அடுத்த அரசு அதைத் தளர்த்தி, மூன்று நட்சத்திர விடுதிகளுக்கும் உரிமம் வழங்கியது. அதே காலத்தில் தென்னையின் புளிக்காத சாற்றை நீரா என்ற பெயரில் விற்கும் திட்டமும் தொடங்கியது. உழவர் நிறுவனங்கள் முன்வந்தன. ஆனால் மரம் ஏறுவோர் பற்றாக்குறையாலும், புளிக்காமல் காத்து விற்கும் செலவாலும் அது எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. கதவைத் திறப்பதும் மூடுவதும் அரசுக்கு எளிது. திறந்திருக்கும் கடையில் குடியாதவர் முன் எதை வைப்பது என்பதை அரசாணை சொல்லாது. கடைக்காரரின் மனம்தான் சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகனின் அலுவலகத் தோழர் ஒருவருக்கு வழியனுப்பு விழா. இங்குள்ள வழக்கப்படி ஒரு பப்பில் கூடினார்கள், என்னையும் அழைத்திருந்தார்கள். மகனுடைய தோழர் ஒருவர் கல்லாவின் முன் நின்று, சாராயச் சத்து இல்லாத பீர் வேண்டும் என்றார். ஊற்றுபவர் ஏன் என்று கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை. எல்லோருக்கும் ஊற்றும் அதே குழாய் வரிசையிலிருந்து, அதே நீண்ட கண்ணாடிக் கோப்பையில், நுரை ததும்ப ஊற்றிக் கொடுத்தார். அவர் கோப்பையை உயர்த்தினார், மற்றவர்களும் உயர்த்தினார்கள், பேச்சு தொடர்ந்தது. அவர் குடியை விட்டவரா, காரோட்ட வேண்டியவரா, நோன்பிருப்பவரா, மருந்து உண்பவரா என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. அந்தக் கணத்தில் எனக்குச் சித்திரபுரத்துக் கெண்டி நினைவுக்கு வந்தது. எழுந்து வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இவ்வகைப் பானங்களை இரண்டு முறைகளில் செய்கிறார்கள். புளிப்பு முற்றாமல் இடையிலேயே தடுத்துவிடுவது ஒன்று. முழுதும் புளிக்கவைத்துப் பின் சத்தைப் பிரித்தெடுப்பது மற்றொன்று. சாராயச் சத்து 78 பாகையில் கொதிக்கும். காற்றழுத்தத்தைக் குறைத்தால் அதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிப் பிரிந்துவிடும். சுவை பெரிதும் கெடாது. 2017-இல் ஹைனெகன், 2021-இல் கின்னஸ் எனப் பெருநிறுவனங்களும் இவ்வகையைக் கடைகளுக்குக் கொண்டுவந்தன. புட்டியின் மேலுள்ள எண்ணைப் படிக்க நாம் பழகவேண்டும். பிரிட்டனின் வழிகாட்டு விதிப்படி 0.05 விழுக்காட்டுக்கு மேற்படாததே மதுவற்றது; 0.5 வரையுள்ளது மது நீக்கியது, 1.2 வரையுள்ளது மென்மது. இந்தியாவின் உணவுத் தர விதிகள் 0.5 விழுக்காட்டுக்கு மேற்பட்டதையே மதுபானம் என்கின்றன. கேரளத்தில் தென்னங்கள்ளுக்கு முன்பு விதித்திருந்த உச்ச வரம்பு 8.1 விழுக்காடு என்பதை இவற்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

இதற்கு மறுப்பும் உண்டு. அதை மறைப்பது முறையாகாது. நம் சங்கத்து நண்பர் ஒருவர், "பீரைப் போலவே நிறம், மணம், புட்டி, இது பிள்ளைகளுக்கு முன்னோட்டமாகிவிடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிள்ளைகளின் கையில் அதைக் கொடுப்பதை நானும் ஒப்பேன். குடிநோயிலிருந்து மீண்டவர் சிலருக்கு அந்த மணமே பழைய வேட்கையைக் கிளப்பிவிடும் என்பதும் உண்மை. என் தந்தைக்கு அதைக் கொடுத்திருப்பேனா என்றால், மாட்டேன். அவருக்கு வேண்டியது பீரின் போலி அன்று. பெரியவர் ஒருவர் குடிக்கத்தக்க, கடைக்காரர் மதித்து ஊற்றுகிற, பிறரோடு ஒக்க உயர்த்தத்தக்க ஒரு கோப்பை. அது கட்டன் சாயாவாக இருந்தாலே போதும். மூன்று ஆண்டுகள் போதுமாகத்தான் இருந்தது.

அன்பர்களே, நம் சங்கத்தின் பொங்கல் விருந்திலும் ஆண்டுவிழாவிலும் ஒரு பக்கம் மதுவும் மறுபக்கம் பிள்ளைகளின் சோடாவும் வைக்கிறோம். நடுவில் நிற்பவர்களை நாம் பார்ப்பதில்லை. அவர்களுள் பலர் பெண்கள், சிலர் முதியவர், சிலர், யாருக்கும் சொல்லாமல் தம்மோடு தாமே போராடிக்கொண்டிருப்பவர். அவர்களுக்காக நான்கே நான்கைக் கேட்கிறேன். பானப் பட்டியலில் மதுவற்றவற்றைக் கடைசி வரியில் ஒளிக்காமல் பெயர் சொல்லி எழுதுவோம். எல்லோருக்கும் வைக்கும் அதே கோப்பையில் அவற்றையும் வைப்போம். வேண்டாம் என்பவரிடம் ஏன் என்று கேளாதிருப்போம். "இன்று ஒரு நாள்தானே" என்று எவரும் எவரிடமும் சொல்லாதிருப்போம். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

அண்மையில் சித்திரபுரம் போயிருந்தேன். பழைய கள்ளுக்கடை இருந்த இடத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான உணவுக்கடை ஒன்று நடக்கிறது. அந்தக் கடைக்காரர் மறைந்துவிட்டார். அவர் வீட்டைத் தேடிப் போய் அவருடைய மகனிடம் கெண்டியின் கதையைச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. தம் தந்தை அதைப் பெரிய செயலாக எண்ணியிருக்கமாட்டார், ஆகையால் சொல்லியிருக்கமாட்டார் என்றார். பிறகு உள்ளே போய் இரண்டு கோப்பை கட்டன் சாயா கொண்டுவந்தார். வெளியே மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது.

இவ்வாண்டு விருந்துக்குழுவினர் பானப் பட்டியல் எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். முதல் வரியில் என்ன எழுதியிருக்கிறேன் என்பதை நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள்.